ஆடலும் அவையும்

கலைகளுள் சில, ஆக்கியவர் மறைந்த பின்னும் நிற்பன. சில, ஆக்கப்படும்பொழுதே மறைவன. சிற்பியின் உளி ஓய்ந்தாலும் சிலை நிற்கிறது. புலவர் மறைந்தாலும் பாட்டு ஏட்டில் இருக்கிறது. ஆடலின் நிலை வேறு. ஆடுபவர் காலை ஊன்றிய நொடியில் அது பிறக்கிறது. அடுத்த நொடியில் இல்லையாகிறது. பின்னர் எஞ்சுவது கண்டவர் நெஞ்சில் தங்கிய நினைவு ஒன்றே. ஆதலின் ஆடல் நிகழாத காலத்தில் அதனை நினைவுகூர்வது வீண் பொழுதுபோக்கு ஆகாது. அக்கலையின் இயல்பை அறிதற்கு அதுவும் ஒரு வழியாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், கொரோனாத் தொற்றின் காரணமாக ஸ்பெயின் அரசு நாடெங்கும் நெருக்கடி நிலையை அறிவித்தது. மக்கள் வீட்டுக்குள் இருத்தப்பட்டனர். அந்நாட்டின் பெருங்கலையாகிய ஃபிளமெங்கோவைக் கற்பிக்கும் பள்ளிகளும் மூடப்பட்டன. மாணவர் மேடையேறும் ஆண்டிறுதி நிகழ்ச்சிகள், கோடைகால விழாக்கள், இரவுதோறும் நடந்த சிற்றரங்க ஆடல்கள் யாவும் நின்றன. அவ்விடைக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் பழைய நிகழ்ச்சிகளின் படங்களைப் பார்த்தும் பேசியும் ஆறுதல் தேடினர். அவர்கள் இழந்ததாக எண்ணியது யாது? உண்மையில் இழந்தது யாது? முன்னதற்கு விடை, 'மேடை' என்பது. பின்னதற்கு விடை, 'அவை' என்பது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே ஈண்டு ஆராயத் தக்கது.

கலையின் உறுப்புகள்

ஃபிளமெங்கோ, ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் வளர்ந்த கலை. அதனை ஆடல் என்று மட்டும் கொள்வது வெளிநாட்டார் பலர் செய்யும் பிழை. பாட்டு, கித்தார் இசை, ஆடல் ஆகிய மூன்றும் கூடியதே ஃபிளமெங்கோ. காந்தே, தோக்கே, பைலே என அவற்றை அந்நாட்டார் வழங்குவர். மூன்றனுள்ளும் தலைமை பாட்டுக்கே உரியது என்பது கலையறிந்தோர் கொள்கை. பாடுபவரின் குரலைக் கேளாமல் ஆடுபவர் எத்துணைத் திறமையாக ஆடினும் அஃது அங்கே ஆடலாக மதிக்கப்படுவதில்லை.

இம்மூன்றோடு வேறு இரண்டும் உண்டு. ஒன்று பால்மாஸ் எனப்படும் கைத்தாளம். இதனைச் சிறிய வேலை என்று எண்ணுதல் கூடாது. பாடல் நிகழும்போது உள்ளங்கைகளைக் குழித்து மெல்லிய ஓசை எழத் தட்டுவர். காலடிகள் விரையும்போது விரல்களால் மற்றக் கையின் உள்ளங்கையை அறைந்து கூரிய ஓசை எழுப்புவர். ஒருவர் தாளத்தின் நேர்நிலையில் தட்ட, மற்றொருவர் இடைநிலையில் தட்டுவார். மற்றது ஹலேயோ என்பது. உடனிருப்போர் உற்ற இடத்தில் 'ஓலே' என்றும், வேறு சொற்களாலும் குரல் கொடுத்து ஊக்குவதே அது. இவ்விரண்டும் மேடையில் இருப்போர்க்கு மட்டும் உரியன அல்ல. அவையில் இருப்போரும் கலையை அறிந்தவராயின் இவற்றில் பங்கு கொள்வர். மேடைக்கும் அவைக்கும் இடையே வரம்பு கோடாத கலை இது.

தாளத்தைக் கொம்பாஸ் என்பர். சோலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் முதலிய பல வகைகளுக்கு 12 எண்ணிக்கை கொண்ட சுழற்சி உண்டு. சோலேயாவில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். முற்பகுதி மும்மூன்றாகவும் பிற்பகுதி இவ்விரண்டாகவும் நடப்பதனால், கேட்பவர் காதுக்கு ஒரே சுழற்சிக்குள் இருவேறு நடைகள் தோன்றும். இந்நடை உடம்பில் ஊறாதவர்க்கு, எங்கே குரல் கொடுப்பது, எங்கே வாய் மூடியிருப்பது என்பது விளங்காது. எனவே இக்கலையில் ஆடுதற்குப் பயிற்சி வேண்டுவது போலவே காணுதற்கும் பயிற்சி வேண்டும்.

வந்த வழி

ஸ்பெயினில் வாழும் ஹித்தானோ மக்களின் முன்னோர் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து பெயர்ந்தவர் என்பது மொழியாராய்ச்சியால் நிறுவப்பட்டுள்ளது. அவர்கள் 1425இல் ஐபீரிய நாட்டில் இருந்தமைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. இதனைக் கொண்டு, ஃபிளமெங்கோ இந்திய ஆடலின் மகள் என்று விரைந்து முடிவு கட்டுவார் உளர். அது பொருந்தாது. ஹித்தானோ மக்களின் பாடுமுறை, அந்தலூசிய நாட்டுப்புறப் பாட்டு, அந்நிலத்தில் பல நூற்றாண்டு ஆண்ட மூர்களின் காலத்து இசை, கடல் கடந்து சென்று மீண்ட பாடல்கள் ஆகிய பலவும் கலந்து, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது இக்கலை. ஒரே வேர் தேடுவார்க்கு அது பிடிகொடாது.

தொடக்கத்தில் வீடுகளிலும் பட்டறைகளிலும் சாவடிகளிலும் இருந்த பாட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'கஃபே காந்தாந்தே' எனப்பட்ட பாட்டரங்கக் காப்பிக்கடைகளுக்கு வந்தது. அங்கேதான் பாடுவோரும் ஆடுவோரும் கூலி பெறும் கலைஞராயினர். கித்தார் ஆடலுக்கு உற்ற துணையாக வளர்ந்தது. செவில் நகரில் சில்வேரியோ ஃபிராங்கோனெத்தி என்ற பாடகர் நடத்திய கடை அவற்றுள் புகழ் வாய்ந்தது. பின்னர்க் கலை காசுக்குத் தாழ்ந்துவிட்டது என்ற கவலை எழுந்தது. இசைமேதை மானுவல் தே ஃபாயாவும், இளங்கவிஞராக இருந்த ஃபெதெரிகோ கார்சியா லோர்காவும் மற்றும் சிலரும் கூடி, 1922ஆம் ஆண்டு சூன் திங்களில் கிரனாடாவின் அல்ஹம்பிராக் கோட்டையில் ஆழ்பாட்டுப் போட்டி ஒன்றை நடத்தினர். முதியவர் ஒருவரும், பிற்காலத்தில் மனோலோ கராக்கோல் எனப் பெயர் பெற்ற சிறுவரும் அதிற் சிறப்புற்றனர். போட்டியின் புகழ் நின்றது. ஆயினும், இரண்டு இரவுப் போட்டியால் நாடெங்கும் கேட்கத் தெரிந்த அவையை உண்டாக்கிவிட இயலாது. அதற்கு நாள்தோறும் நடக்கும் இடங்கள் வேண்டும்.

அத்தகைய இடங்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று வகையாக அமைந்தன. முதலாவது, 'பேஞா' என்னும் சுவைஞர் கழகம். கிரனாடாவில் 1949இல் தோன்றிய லா பிளாத்தெரியா அவற்றுள் பழமையானது. இரண்டாவது, 'தப்லாவ்' என்னும் சிற்றரங்கு. மாட்ரிட் நகரில் 1954இல் சாம்பிராவும், 1956இல் கொர்ரால் தே லா மொரெரியாவும் திறக்கப்பெற்றன. மூன்றாவது, பள்ளி. மாட்ரிட்டில் 1953இல் தோன்றிய அமோர் தே தியோஸ் பள்ளி, பிற்காலத்தில் அந்தோன் மார்த்தின் சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் நெடுங்காலம் இயங்கியது. கீழே மீனும் காய்கறியும் விற்க, மேலே உலகின் பல நாடுகளிலிருந்து வந்தோர் குதிகால் ஒலிக்கப் பயின்றனர். செவில் நகரில் கிறிஸ்தினா ஹேரன் நிறுவனம், பாட்டு, கித்தார், ஆடல் மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிப்பது. அப்பெரும்பள்ளிகளேயன்றி, ஊர்தோறும் ஓர் ஆசிரியரும் ஒரு மரத்தளமும் கொண்ட சிறு பள்ளிகளும் பலவாயின.

பள்ளியின் இரவு

அத்தகைய சிறு பள்ளி ஒன்றின் ஆண்டிறுதி நிகழ்ச்சி எவ்வாறு நடக்கும் என்பதைக் காண்பது பயன் தரும். மேடையின் பின்புறத்தில் அரைவட்டமாக நாற்காலிகள். ஒரு பக்கம் கித்தார் வாசிப்பவர், அவரையடுத்துப் பாடகர், பின்னர்க் கைத்தாளம் இடுவோர். ஆண்டு முழுதும் ஒலித்தட்டுக்கும் ஆசிரியரின் எண்ணிக்கைக்கும் ஆடிய மாணவி, உயிருள்ள குரலுக்கு ஆடும் நாள் அது. பாடகர் ஒலித்தட்டைப் போல ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகப் பாடுவதில்லை. ஓர் அடியை நீட்டுவார். ஒன்றில் மூச்சு வாங்குவார். ஓர் அடியை மீண்டும் பாடுவார். மாணவி அதனைக் கேட்டு ஆட வேண்டும்.

அலெக்ரியாஸ் என்ற வகையை எடுத்துக்கொண்டால், அதற்கு ஒரு நிரல் உண்டு. முதலில் நுழைவு, பின்னர்ப் பாட்டின் அடிகள், பிறகு பாட்டின்றிக் கித்தார் மட்டும் மெல்ல ஒலிக்கும் 'சிலென்சியோ' என்னும் அமைதிப் பகுதி, அதன் பின் காலடி வேலை மெதுவாகத் தொடங்கி விரைந்து ஏறும் 'எஸ்கோபியா', இறுதியில் புலேரியாஸ் நடையில் முடிவு. இந்நிரலின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆடுபவரே மற்றவர்க்குக் குறிப்புக் கொடுக்க வேண்டும். அதற்கென உள்ள அடிவரிசை 'யமாதா' எனப்படும். 'அழைப்பு' என்பது அதன் பொருள். அழைப்பைக் கேட்டுப் பாடகர் பாடத் தொடங்குவார். அழைப்பு மங்கலாக இருந்தால் பாடகர் வாய் திறவார். அவையோர் அனைவரும் அறிய அந்த இடம் வெறுமையாக நிற்கும்.

முதன்முறை மேடையேறுபவர்க்கு நேரும் இடர் பெரும்பாலும் அவ்விடத்திலேதான். அடிகளை மறந்திருக்கமாட்டார். வகுப்பில் ஆயிரம் முறை அடித்த அழைப்பு அது. ஆயினும் அதனை 'அடி' என்று கற்றாரேயன்றி, 'அழைப்பு' என்று கற்றிலர். ஒருவரை அழைப்பதற்கு எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும். அந்த உண்மை மேடையில்தான் அவருக்குத் தெரிகிறது. தேர்ந்த பாடகர் அவ்வேளையில் மாணவியைக் கைவிடுவதில்லை. ஒரு சுழற்சி காத்திருப்பார். கைத்தாளம் இடுவோர் சற்று அழுத்தித் தட்டுவர். பின்னிருந்து ஒருவர் 'ஓலே' என்பார். அந்த ஒரு சொல் பாராட்டன்று. 'நீ எங்கே இருக்கிறாய் என்பதை அறிவோம், தொடர்க' என்ற செய்தி. மாணவி மூச்சை இழுத்து மீண்டும் அழைக்கிறார். பாட்டு வருகிறது. அன்று அவர் கற்றதை வகுப்பறை ஓராண்டில் கற்பித்திராது.

நிகழ்ச்சியின் முடிவில் 'ஃபின் தே ஃபியெஸ்தா' வரும். எல்லாரும் அரைவட்டமாக நிற்க, ஒருவர் பின் ஒருவராக நடுவே வந்து ஓரிரு சுழற்சி புலேரியாஸ் ஆடிச் செல்வர். மூத்த ஆசிரியரும் வருவார். நேற்றுச் சேர்ந்த சிறுமியும் வருவார். கித்தாரைக் கீழே வைத்துவிட்டு வாசித்தவரும் வருவார். பாடகரும் பாடிக்கொண்டே நான்கு அடி வைப்பார். இங்கே திறமைக்கு மதிப்பெண் இல்லை. எப்பொழுது உள்ளே வருவது, எப்பொழுது பிறருக்கு இடம் விட்டு விலகுவது என்ற இரண்டுமே பார்க்கப்படும். பருத்த உடம்பும் முதிர்ந்த வயதும் உடையவர் ஒருவர் தோளை ஒருமுறை அசைத்து, உரிய இடத்தில் திரும்பி நடந்துவிட்டால், இளையோரின் நூறு காலடிகளுக்குக் கிடைக்காத ஆரவாரம் அவருக்குக் கிடைக்கும்.

இதிலிருந்து புலப்படுவது ஒன்று. அவையில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் அப்பள்ளியின் மற்ற வகுப்பு மாணவர், முன்னாள் மாணவர், அவர்தம் பெற்றோர். தொடக்க வகுப்பினர் மேல்வகுப்பினரைக் கண்டு தாளத்தை உள்ளே எண்ணுகின்றனர். எவ்விடத்தில் மூத்தோர் குரல் கொடுக்கின்றனர் என்பதைக் காதால் கற்கின்றனர். ஆகவே பள்ளியின் இரவு ஆடுவோரை மட்டும் ஆக்குவதில்லை, அவையையும் ஆக்குகிறது. ஆடுவோராக வாழ்பவர் அம்மாணவருள் நூற்றுக்கு ஒருவர் இருத்தல் அரிது. மற்றையோர் எல்லாரும் வாழ்நாள் முழுதும் நல்ல அவையோராக இருப்பர். பள்ளியின் பெரும்பயன் அதுவே.

ஓசையற்ற மாதங்கள்

2020இல் நின்றுபோனது இப்பெரும்பயனே. ஹெரெஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிளமெங்கோ விழா, மேடையோடு வகுப்புகளையும் சேர்த்து நடத்துவது. சப்பான் முதலிய தொலைநாடுகளிலிருந்தும் மாணவர் அங்கே திரள்வர். அவ்வாண்டு விழா மார்ச்சு 7ஆம் நாள் முடிந்தது. ஒரு வாரத்தில் நாடு அடைபட்டது.

பள்ளிகள் கை கட்டி இருந்துவிடவில்லை. இணையவழி வகுப்புகளைத் தொடங்கின. அம்முயற்சியைக் குறைகூறுவது அறமாகாது. ஆசிரியர்க்கு வாழ்வு வேண்டும். மாணவர்க்குப் பயிற்சி வேண்டும். ஆயினும் அவ்வகுப்புகளில் என்ன நிகழ்ந்தது என்பதை உள்ளவாறு உரைத்தல் வேண்டும். விரைந்து ஆடும் புலேரியாஸில் நிமிடத்திற்கு 200க்கு மேற்பட்ட எண்ணிக்கை ஓடும். ஓர் எண்ணிக்கைக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. இடைநிலைத் தட்டு அதிலும் பாதி. இணையவழி ஒலி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர எடுக்கும் சிறு தாமதமே அத்தட்டை விழுங்கப் போதுமானது. இருவர் சேர்ந்து கைத்தாளம் இடுதல் அங்கே இயலாததாயிற்று. மேலும், பேச்சைக் கடத்துதற்கு அமைந்த அக்கருவிகள் தட்டொலியையும் காலடி ஓசையையும் இரைச்சல் எனக் கருதி அடக்கிவிடும். ஒரே நேரத்தில் பலர் ஒலி எழுப்பினால் குழப்பமாகும் என்று, ஆசிரியர் மாணவரின் ஒலியை நிறுத்திவைக்க வேண்டியும் வந்தது.

அதன் விளைவு வியப்புக்குரியது. மாணவர் அடிப்பது ஆசிரியர்க்குக் கேட்கவில்லை. காட்சி மட்டும் தெரிந்தது. ஓசையால் ஆன கலை ஓசையற்ற படமாகியது. ஆசிரியர் காலின் வடிவத்தைத் திருத்தலாம். ஒலியைத் திருத்தல் இயலாது. வீட்டிலோ மரத்தளம் இல்லை. ஓடு பதித்த தரையில் ஆணியடித்த காலணியால் அடித்தால் காலுக்கும் கேடு, கீழ்வீட்டார்க்கும் தொல்லை. பலர் சிறு பலகை ஒன்றை வாங்கி அதன்மேல் நின்று ஆடினர். சிலர் காலுறையோடு ஆடினர். அடிகளின் வரிசை மறவாமல் இருந்தது உண்மை. ஆனால் அழைப்பு இருந்தது, கேட்பார் இல்லை.

இதனினும் கொடிய இழப்பு அரங்குகளுக்கு நேர்ந்தது. மாட்ரிட்டின் கஞிசாரெஸ் தெருவில் இருந்த காசா பாத்தாஸ், இரவில் ஆடல் நிகழும் சிற்றரங்கையும், வகுப்புகள் நடக்கும் ஃபிளமெங்கோப் பள்ளியையும் ஒருங்கே கொண்ட இல்லம். பயில்வோர் பகலில் கற்றதை இரவில் கண்ணால் காணும் வாய்ப்பு அங்கே இருந்தது. அவ்வரங்கு இனித் திறக்கப்படாது என்ற செய்தி 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளியாயிற்று. வெளிநாட்டுப் பயணிகளின் வருகையை நம்பி நின்ற பிற அரங்குகளும் தளர்ந்தன. ஒரு கடை மூடப்பட்டால் பொருளை வேறு கடையில் வாங்கலாம். அரங்கு மூடப்பட்டால் அதன் நாற்காலிகளில் அமர்ந்து பழகிய காதுகள் எங்கே போகும்?

படம் காப்பது யாது?

'பதிவுகள் இருக்கின்றனவே, நினைவுக்கு அவை போதாவா?' என வினவலாம். வினா நேரியது. மூன்று பதிவுகளைக் கொண்டு அதற்கு விடை காணலாம்.

கார்லோஸ் சௌரா 1981இல் இயக்கிய 'இரத்தத் திருமணம்' என்ற திரைப்படம் லோர்காவின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட அந்தோனியோ காதெஸின் ஆடலைக் காட்டுவது. ஆடுவோர் ஒப்பனை அறைக்கு வருகின்றனர், முகத்துக்கு வண்ணம் இடுகின்றனர், உடம்பைப் பதப்படுத்துகின்றனர், பின்னர் வெறுங்கூடம் ஒன்றில் முழு ஆடலையும் ஒத்திகையாக ஆடுகின்றனர். அவை இல்லை. ஃபிளமெங்கோப் படங்களுள் இது தலைசிறந்தவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அதன் நேர்மை எங்கே இருக்கிறது என்பதும் நோக்கத் தக்கது. படக்கருவியின் முன் அவையை நடிக்க வைக்காமல், 'இஃது ஒத்திகை' என்றே அது கூறிவிடுகிறது. படத்தால் நிகழ்ச்சியைத் தர இயலாது, ஒத்திகையைத் தரலாம் என்பதை அவ்வியக்குநர் அறிந்திருந்தார் போலும்.

இரண்டாவது, 1971 முதல் 1973 வரை ஸ்பெயின் தொலைக்காட்சி எடுத்த 'பாட்டின் சடங்கும் நிலமும்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட தொடர். இதிற் பாடகர் பலர், அவர்தம் வீடுகளிலும் சிறு கூட்டங்களிலும் பாடுகின்றனர். படத்தின் ஓரத்தில் உறவினர் இருக்கின்றனர், அயலார் இருக்கின்றனர், ஒருவர் கண்ணை மூடித் தலையசைக்கிறார், ஒருவர் மேசையைத் தட்டுகிறார். பாடகரைப் போலவே இவர்களும் கற்கத் தக்கவர்கள். பாட்டை அவர்கள் எவ்வாறு கேட்கின்றனர் என்பதைக் காட்டுவதனாலேயே இத்தொடர் பிற பதிவுகளினும் சிறக்கிறது. ஆயினும் அக்கூட்டத்தின் அவையை இது காட்டுமேயன்றி, பார்ப்பவரை அவ்வவையில் சேர்க்காது. இன்று ஒருவர் திரைமுன் அமர்ந்து 'ஓலே' என்றால், பாடகர் அதனால் ஓர் அடியை நீட்டப் போவதில்லை.

மூன்றாவது, 1963இல் வெளிவந்த 'லோஸ் தாராந்தோஸ்'. கார்மென் அமாயா நடித்த படம் அது. அவர் விரல்முட்டியால் மேசையைத் தட்டித் தாளத்தைத் தொடங்கி எழுந்து ஆடும் காட்சியைக் கண்டவர் மறவார். நோயுற்ற நிலையில் அவர் அதில் நடித்தார். அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். இப்படம் இல்லையேல் பிற்காலத்தார்க்கு அந்த அமாயா கிடைத்திரார். ஆகவே பதிவை இகழ்வது நன்றி மறத்தலாகும். பதிவு ஆடியவரைக் காக்கிறது. அவரது அளவை, அடியை, உடம்பின் நிமிர்வைக் காக்கிறது. காக்க இயலாதது, ஆடியவருக்கும் கண்டவருக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல். அது பதிவில் இல்லை என்பதற்காகப் பதிவைக் குறைகூற வேண்டா. பதிவு இருக்கிறது என்பதற்காக அது இல்லாமலே வாழலாம் என்றும் எண்ண வேண்டா.

நினைவின் குற்றம்

நினைவுகூர்வோர் ஒரு குற்றத்திற்கு ஆளாவதுண்டு. இல்லாத பொருள் இனிப்பது இயல்பு. நின்றுபோன நிகழ்ச்சிகள் எல்லாம் சிறந்தன என்று பேசுவது உண்மைக்கு மாறாகும். சிற்றரங்குகளுள் சில, பயணிகளுக்கென ஒரே ஆடலை ஒரே முறையில் இரவுதோறும் இருமுறை நடத்தின. தாளம் அறியாத அவையோர் எல்லா இடத்திலும் கைதட்ட, மேடையில் இருப்போர் தம் தாளத்தைக் காத்துக்கொள்வதே பெரும்பாடாயிற்று. பள்ளி நிகழ்ச்சிகளிலும் குறை உண்டு. வகுப்பு ஒவ்வொன்றும் மேடையேற வேண்டும் என்பதனால் நேரம் நீளும். எல்லாரும் ஒரே வரிசையில் ஒரே அடியை ஆடும்போது உடற்பயிற்சியின் சாயல் வரும். பெற்றோர் தம் பிள்ளையைப் படம்பிடிப்பதில் கருத்தாக இருந்து, பாட்டைக் கேளாது விடுவர். மூன்று மணி நேரத்தில் உண்மையான ஃபிளமெங்கோ பத்து நிமிடம் வாய்த்தால் அதுவே பேறு.

ஆயின் இக்குறைகள் எல்லாம் எதனைக் காட்டுகின்றன? அவை பழகாத இடத்தில் ஆடலும் தாழ்கிறது என்பதையே காட்டுகின்றன. பயணிகள் முன் ஆடும் கலைஞரும், கலையறிந்த ஐம்பது பேர் கொண்ட பேஞாவில் ஆடும் கலைஞரும் ஒருவராகவே இருக்கலாம். ஆடல் ஒன்றாக இருப்பதில்லை. லோர்கா 1933இல் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில் 'துவெந்தே' என்ற ஆற்றலைப் பற்றிப் பேசினார். அதன் பின்னர், கலைஞரிடம் ஏதோ தெய்வ ஆவேசம் இறங்குவதாகவே பலர் அச்சொல்லை வழங்கி வருகின்றனர். அவ்வாறு கூறுவது எளிது, கற்பிப்பார்க்குப் பயன்படாது. ஆடுபவர் ஒன்றை விடுக்க, அவை அதனை உணர்ந்து திருப்பித் தர, பெற்றதைக்கொண்டு ஆடுபவர் தாமே எண்ணியிராத ஓர் இடத்தை எட்டுகிறார் என்று கொள்வதே வகுப்பறைக்கு ஏற்றது. இதில் பாதி வேலை அவையினுடையது. அப்பாதியைக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும்.

மீண்டும் திறந்தபோது

நெருக்கடி நிலை 2020ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் முடிந்தது. அவ்வாண்டுச் செவில் ஈராண்டு விழா, குறைந்த இருக்கைகளோடு இலையுதிர்காலத் தொடக்கத்தில் நடந்தது. 2021ஆம் ஆண்டு ஹெரெஸ் விழா வழக்கமான காலத்தில் நடவாமல் மே மாதத்திற்குத் தள்ளப்பட்டது. பள்ளிகளும் இடைவெளி விட்டு நின்று பயிலத் தொடங்கின. கூடங்களுக்குள் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற பொதுவிதி ஸ்பெயினில் 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள்தான் நீங்கியது. அதுகாறும் அவையின் 'ஓலே' துணிக்குப் பின்னிருந்தே வந்தது. வந்தது என்பதே பெரிது.

கலையைக் காக்கும் ஏற்பாடுகளுக்கும் குறைவில்லை. யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஃபிளமெங்கோவை மாந்தரின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அந்தலூசியச் சட்டமன்றம் 2023இல் ஃபிளமெங்கோவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கல்வியிலும் அக்கலைக்கு இடம் அளிக்க அது வழி கூறுகிறது. இவை போற்றத் தக்கன. எனினும் பட்டியல் நினைவைக் காக்கும். சட்டம் வகுப்பைத் தரும். எதிரிருந்து கேட்கும் ஒருவரை இரண்டும் தாரா. அவரை ஆக்குவது பள்ளியின் வேலை. அதிலும் பள்ளியின் நேர்நிகழ்ச்சியின் வேலை.

எக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாணவர் மேடையேறும் நாளில் ஆசிரியரின் கண் மேடையிலேயே நிற்பது வழக்கம். தம் மாணவர் பிழையின்றிச் செய்கின்றாரா என்ற கவலையே அதற்குக் காரணம். சற்று அவையின் பக்கமும் அக்கண் திரும்ப வேண்டும். பின்வரிசையில் அமர்ந்து, தொடைமேல் விரலால் ஓசையின்றித் தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவன் அங்கே இருப்பான். அவன் பிற்காலத்தில் ஆடாமலும் போகலாம், பாடாமலும் போகலாம். ஆனால் ஒரு நாள், மேடையில் தடுமாறி நிற்கும் ஒருவருக்கு உற்ற இடத்தில் ஒரு சொல் கொடுப்பான். அவ்வாறு கொடுப்பவர் உள்ளவரை இக்கலை நின்று நிலவும்.